லைன் க்ளியரா?

"கதையெல்லாம் பக் கிடையாது" என்று எழுதி, இளவேனில் போட்ட புகாரை ஹரிஷ் மூன்றாவது முறையாக மூடிவிட்டான். நூற்றுப் பதினேழாம் நம்பர் புகார். ஒரே வாரத்தில் மூன்று தடவை அவள் திறந்தாள், மூன்று தடவை அவன் மூடினான். படித்துப் பார்த்தாவது மூடினானா என்றால் அதுவும் இல்லை. தனக்கு வரும் மெயிலையே முழுசாகப் படிக்காத மகராசன், இதையா படிக்கப் போகிறான்!

2004-ம் வருஷம். பெங்களூர் கோரமங்கலாவில் ஒரு மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். ஹரிஷ் முதலாளி, இளவேனில் டெஸ்டர். கேமை விளையாடிப் பார்த்து, எங்கெங்கே கோளாறு, ஆபீஸ் பாஷையில் 'பக்', என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் சிடி அச்சுக்குப் போகும்.

கேமின் பெயர் 'லைன்மேன்'. கம்பம் ஏறும் லைன்மேன் ஒருவன், இடி விழுந்தும் பிழைத்து, உடம்பெல்லாம் கரண்ட் ஓடுகிற சூப்பர் ஹீரோ ஆகிவிடுகிறான். முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. சண்டைக்காக இல்லை. அந்த ஹீரோ எந்த சுவிட்சைத் தொட்டாலும் முதலில் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்து, "லைன் க்ளியரா?" என்று மூன்று தடவை கேட்பான். வில்லன் துரத்திக்கொண்டு வந்தாலும் சரி, பதில் வராமல் போடமாட்டான். ஒரே ஒரு நாள் கேட்காமல் போட்டு, மேலே இருந்த கூட்டாளியைக் கொன்றவன் அவன். அந்தப் பயம்தான் அவனை மனுஷனாக வைத்திருந்தது.

அந்தக் கேள்வியைக் கொடுத்தவள் இளவேனில். குடியாத்தத்தில் அவளுடைய அப்பா லைன்மேன். அவர் அப்படித்தான் கேட்பார், மூன்று தடவை. அவர் கம்பத்தில் இருந்த அன்றைக்குக் கீழே நின்றவன் கேட்கவில்லை. அவள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். ஹரிஷ் கதையில் சேர்த்துக்கொண்டான். சிடி அட்டையில் 'கதை: ஹரிஷ்' என்று வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஈஜிபுராவில் அவள் குடியிருக்கிற சந்தில், லைட்டைப் போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் "லைன் க்ளியரா?" என்று கத்தும்போது அவளுக்கு அப்பா பேசுவதுபோல இருக்கும். அது போதும் என்று இருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் அதே ஹீரோ என்ன செய்கிறான் தெரியுமா? பத்து ஆள் கம்பத்தில் ஏறியிருக்கும்போது சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போடுகிறான். பத்துப் பேரும் கருகி விழுகிறார்கள். "பல்பு எரிஞ்சுதா?" என்று ஜோக் வேறு! கேட்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இதுதான் அந்த நூற்றுப் பதினேழாம் புகார். முதல் பாகத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தே அவனைக் காப்பாற்றிய தங்கச்சிக்கு இதில் ஒரே வேலைதான், "அண்ணா!" என்று கத்துவது. மூன்றாம் லெவலில் அவள் செத்துப்போகிறாள். ஏழாம் லெவலில் போன் பண்ணுகிறாள்! அவனும் "சொல்லும்மா" என்கிறான். அட கர்மமே!

இது எப்படி ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்று கேட்பீர்கள். அந்த ஆபீஸில் கதைக் காட்சி வந்தால் உடனே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தாண்டிவிடுவார்கள். அவரவர் லெவலை மட்டும் பார்ப்பார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கதையை உட்கார்ந்து பார்த்தவர் யாருமே கிடையாது, ஹரிஷ் உட்பட. இளவேனிலும்தான் நாலு மாசம் தட்டித் தட்டித் தாண்டினாள். போன வாரம்தான் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். ஹரிஷ் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்குத் தன் மேலேயே இருந்தது.

நேராக அவன் ரூமுக்குப் போனாள்.

"ஹரிஷ், அந்த சுவிட்ச் சீன எடுத்துடு."

"இளா, பசங்களுக்கு அடிதடி வேணும். ஒரு பட்டன அமுக்கினா பத்துப் பேர் காலி, சூப்பரா இருக்கும். க்ளியரா க்ளியரான்னு கேட்டுட்டே நின்னா ஸ்பீடு போயிடும்."

"கேக்கலைன்னா அவன் யாரு? கரண்ட் ஓடற ரவுடி!"

"நாளைக்கு மெட்ராஸ்லருந்து விநியோகஸ்தர் வர்றார். பேசாம கையெழுத்தப் போடு."

"எங்கப்பாவக் கொன்னவன ஹீரோ ஆக்கி வச்சிருக்க. அதுக்கு என் கையெழுத்தா? செத்தாலும் போடமாட்டேன்!"

வெளியே வந்து தன் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்து சீட் புரோகிராமர் சீனு, அல்சூரில் பிறந்து வளர்ந்து கன்னடம் கலந்து பேசுகிறவன், தண்ணி பாட்டிலை நீட்டினான். "சும்னே ஏன் இளா அவனோட கலாட்டா? அவன் கேக்கற ஜாதியில்ல."

மறுநாள் பதினோரு மணிக்கு விநியோகஸ்தர் வந்து உட்கார்ந்தார். வேட்டி கட்டின பெரிய மனுஷர். ஹரிஷே விளையாடிக் காட்டினான். கதை வரும்போதெல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். சுவிட்ச் சீன் வருகிற நேரம், மேஜைக்கு அடியில் 'டப்' என்று சத்தம். ரப்பர் தீய்ந்த நாற்றம். திரை, விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்தன. மெயின் விழுந்துவிட்டது.

மெயின் போர்டு இளவேனில் சீட்டுக்குப் பின்னால். எழுந்துபோய் சுவிட்சில் கையை வைத்தாள்.

"இளா, மெயினப் போடு, சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து ஹரிஷ் கத்தினான்.

போட்டிருக்கலாம். ஆனால் வாய் தானாகக் கேட்டது: "லைன் க்ளியரா?"

"க்ளியர், போடு!"

"லைன் க்ளியரா?"

"இங்கயும் உன் டிராமாவா? க்ளியர்னு சொல்றேன்ல!"

விநியோகஸ்தர் சிரிப்பது கேட்டது. அவள் பல்லைக் கடித்தாள். வேண்டுமென்றே, முன்னைவிடச் சத்தமாகக் கேட்டாள்.

"லைன் க்ளியரா?"

"போட்டுத் தொலை!"

"அய்யோ, போடாதீங்க!" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அலறல். "வயர் என் கையில இருக்கு!"

சீனு. கரண்ட் போனதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சரிசெய்ய உள்ளே நுழைந்தவன், வயரைப் பிரிக்கிற மும்முரத்தில் மூன்றாவது தடவைதான் காதில் வாங்கியிருக்கிறான். இளவேனில் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடினாள். அவன் தவழ்ந்து வெளியே வந்தான். தோல் உரிந்த வயரை இன்னும் விடாமல் பிடித்திருந்தான். ஹரிஷின் ஷூவுக்கும் சீனு உட்கார்ந்திருந்த இடத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. கொஞ்சம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ஒண்ணும் ஆகலையே, விடு" என்றான் ஹரிஷ். முகம் வெளுத்துவிட்டிருந்தது.

"ஆகியிருந்தா? அன்னிக்குக் கீழ நின்னவனும் உன்ன மாதிரிதான்டா, பாக்காமயே க்ளியர்னு முடிவு பண்ணிட்டான்!" அவள் ஒருநாளும் அவனை 'டா' போட்டதில்லை. "நூத்துப் பதினேழு, இப்ப சொல்லு. கதை பக் ஆகுமா, ஆகாதா?"

"கரண்ட் வரட்டும், ஓப்பன் பண்றேன்."

"நீ எழுதிக் குடுக்காம கரண்ட் வராது."

கையெழுத்துத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வீசினாள். ஹரிஷ் விநியோகஸ்தரைப் பார்த்தான். அவர் சீனுவின் கையில் இருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் சீனை எடுத்துவிட்டுத்தான் சிடி போகும் என்று ஹரிஷ் எழுதினான். இளவேனில் ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். சீனு வயரைச் சுற்றி டேப் போட்டு முடிக்கிறவரை நின்றாள். பிறகு போர்டுக்குப் போனாள்.

"லைன் க்ளியரா?"

ஹரிஷ் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். அதற்கப்புறம்தான் "க்ளியர்" என்றான்.

அவள் விடவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவன் குனிந்தான்.