வரிசையில் நின்ற கடிதம்

உதயகுமார் அந்தக் கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். எட்டு வருடங்களுக்கு முன் அங்கே மெயில் சர்வரை அமைத்தவனும் அவன்தான். பிப்ரவரியில் யாரோ ஓர் ஆசிரியரின் பாஸ்வேர்டைத் திருடி, அந்த சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பை மெயில்களை அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சர்வருக்குக் கெட்ட பெயர். சில இடங்கள் அதன் மெயிலை வாங்கிக்கொண்டன. சில இடங்கள் பிறகு வா என்று நிறுத்தி வைத்தன.

வெளியே போகும் மெயிலை மட்டும் பிறருக்காக மெயில் அனுப்பித் தரும், நல்ல பெயருள்ள ஓர் எஸ்.எம்.டி.பி. நிறுவனத்தின் வழியாக அனுப்பினால் போதும். முதல்வர் சம்மதமும் கொடுத்திருந்தார். அரை நாள் வேலை. ஆனால் தான் கட்டியதை இன்னொருவர் கையில் கொடுக்க உதயகுமாருக்கு மனம் வரவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டான். மெயில் திரும்பி வருகிறது என்ற புகார் தொல்லையாக இருந்ததால், போகாத மெயிலை ஐந்து நாளில் திருப்பும் அமைப்பை முப்பது நாளாக மாற்றி வைத்தான்; அதுவரை அவை சர்வரிலேயே வரிசையில் கிடக்கும். புகார்கள் நின்றன.

மார்ச்சில் வேதியியல் துறை ஆசிரியை கலாவதி அவன் அறைக்கு வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் குடும்பம். சாயக் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்று கல்லூரி மெயில் முகவரியிலிருந்து பதினைந்தாம் தேதிக்குள் எழுத வேண்டும். ஒன்பதாம் தேதியே எழுதிவிட்டாள். பதில் இல்லை.

“என் மெயில் போச்சான்னு கொஞ்சம் பாருப்பா.”

அவன் தேர்வுக்கூடத்துக்குக் கேமரா மாட்டக் கிளம்பிக்கொண்டிருந்தான். “திரும்பி வரலல்ல மேடம்? அப்ப போயிருக்கும்.”

நான்கு நாள் கழித்து வராந்தாவில் மறுபடி கேட்டாள்.

“அதெல்லாம் போயிருக்குது மேடம். அவங்க மெதுவாத்தான் பதில் போடுவாங்க.”

எந்த மெயில் போனது என்ற சர்வர் பதிவைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாதக் கடைசியில் முதல்வரின் மெயிலே எங்கோ சிக்கியது. அன்று உட்கார்ந்து, தள்ளிப்போட்ட வேலையை முடித்தான். நிறுவனம் கொடுத்த சர்வர் முகவரி, போர்ட் 587, பயனர் பெயர், பாஸ்வேர்டு, கல்லூரியின் டொமைன் பதிவில் சேர்க்க இரண்டு வரி. சோதனை மெயில் உடனே போனது. தேங்கியிருந்தவற்றை விடுவிக்கும் முன் பட்டியலைப் பார்த்தான். நூற்று நாற்பத்தொன்று இருந்தன. ஏழாவது கலாவதியுடையது.

அதை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அழிக்காமல் பட்டியலை மூடினான். பிறகு எழுந்து வேதியியல் துறைக்குப் போனான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். முப்பது நாளாக மாற்றியதையும் மறைக்கவில்லை.

கலாவதி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடினாள். “தெரியலன்னு சொல்லியிருந்தா நானே போன் போட்டிருப்பேன் உதயா. நீ போச்சுன்னு சொன்னதாலதான் காத்துக்கினு இருந்தேன்.”

“ஆமா மேடம்.”

தவறு தன்னுடையது என்று அன்றே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினான். மறுநாளே பதில் வந்தது. வருந்துகிறோம், இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் சண்டை போடவில்லை, யாரிடமும் புகார் செய்யவுமில்லை. ஜூனில் அவளுடைய ஆய்வகத்துப் பிரிண்டர் கெட்டுப்போனது. அவனைக் கூப்பிடாமல் அதைத் தானே தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதை உதயகுமார் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். இறங்கிப் போகலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டோ வாசலைத் தாண்டிப் போய்விட்டது.