மைதிலி வளர்த்த கட்டி

போனை எடுத்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, வளந்திருச்சுங்க!" அதுவும் சிரித்துக்கொண்டே.

நான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் மகள் முனீஸ்வரிக்கு இரண்டு வயது. அவள் கல்லீரலில் இருந்த புற்றுக்கட்டியைக் கோயம்புத்தூரில் வெட்டி எடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. திரும்ப வளர்ந்துவிடுமோ என்று தினம் செத்துப் பிழைக்கிறவனிடம் சொல்கிற சொல்லா அது? அப்படியே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயையோ, பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்ணா! இங்க, லேப்லீங்க! ஆபரேஷன்ல எடுத்த கட்டியில துளியூண்டு உங்ககிட்டக் கேட்டு வாங்குனனில்லீங்க, அது வளந்திருச்சு. செல் லைன் செட் ஆயிருச்சுங்க, இனி லேப்லயே பெருகிட்டே இருக்கும்ங்க!"

"ஏம்மா, அறிவிருக்கா? இப்படியா சொல்லுவாக?" என்று கத்தினேன். மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அவள் பெயர் மைதிலி. மங்கலத்துத் தறிக்காரர் மகள், அந்த ஆஸ்பத்திரி லேபில் ஆராய்ச்சி செய்கிறாள். அடுத்த செக்கப்புக்குப் போனபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே லேபுக்குப் போனேன். திட்டத்தான் போனேன். அவளோ மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கச் சொன்னாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ அப்பிக்கிடந்தது. என் பிள்ளையைத் தின்னப் பார்த்தது இதுதானா!

"ஆசிட்ட ஊத்திக் கொல்லும்மா இத."

"கொல்லத்தானுங்ணா வளத்தறேன். இதுக்கு முந்தி வந்த கட்டியெல்லாம் செத்துப்போச்சுங்க. ஒண்ணு நல்லா வளந்துச்சு. டெஸ்ட் பண்ணுனா புத்தே இல்லீங்க, சாதாச் சதை. தூக்கி வீசிட்டு அழுதேன். இது பாப்பாவோடதுதான்னு அவ ரத்தத்தோட ஒத்துப்பாத்தாச்சுங்க, புத்துதான்னும் உறுதியாயிருச்சு. இனிப் புது மருந்த மொதல்ல இதுமேல ஊத்திப் பாக்கலாம். எடுத்ததும் குழந்தைங்க மேல பாக்க வேண்டாமில்லீங்க?"

ஒரு தையல் லைனை ஓட்டவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாதாம். நேரத்துக்குத் தீனி மாற்றாவிட்டால் கட்டி செத்துவிடுமாம். அந்தச் சனியனைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்திருக்கிறாள். அம்மாடி, என்ன மனசு!

"உங்களுக்குப் புடிக்கலீன்னா சொல்லுங்ணா. இப்பவே அழிச்சுப்போடறேன்" என்றாள்.

நான் "முனீசு" என்று கூப்பிட்டேன். தோளில் கிடந்தவள் திரும்பவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்கிய அதே மருந்து அவள் காதையும் மந்தமாக்கிவிட்டது.

"வளத்து தாயி, கொழுக்கக் கொழுக்க வளத்து. பிள்ளைக காதப் பறிக்காம இதக் கொல்ற மருந்து கிடைக்கிற வரைக்கும் சாகவிட்றாத" என்றேன்.