இல்லாத பாலத்தின் அளவு

பாலத்தைத் துண்டு துண்டாக அறுத்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் அதன்மேல் நடந்து போனார்கள். எண்ணிக்கையில் தவறில்லை. நெடுஞ்சாலை அலுவலகம் அனுப்பிய இரண்டு ஆட்கள் சாலையின் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று எண்ணி, மாலையில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய வாரம் உயரமான சரக்கை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டிரெய்லர் நடைபாலத்தின் வயிற்றில் முட்டிவிட்டது. யாருக்கும் அடியில்லை, பாலம்தான் கோணிக்கொண்டது. இனித் தாங்காது என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படிக்கட்டு உட்பட மொத்தத்தையும் கழற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை நூற்பாலையின் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அரைத் தூக்கத்தில் வந்து, படி இருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்து ஏறி, ஆறு வழிச் சாலைக்கு மேலே வெறும் காற்றில் நடந்து, அந்தப் பக்கம் இறங்கினார்கள். நடுவில் ஒருவர் மட்டும் குனிந்து பார்த்து, "அட, பாலத்தையே காணோமே" என்றார். "அத அப்புறமா தேடலாம், வழிய விடுப்பா" என்றார் பின்னால் வந்தவர். ஒன்பது மணிக்குச் செருப்பு தைக்கிறவர் வழக்கம்போல வந்து பாலத்தின் நடுவில் பாயை விரித்து, லாரிகளுக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வார் அறுந்த செருப்பைக் கையில் எடுத்தார்.

வண்டி ஓட்டிகள் மூன்று நாள் பிரேக் போட்டுப் பார்த்தார்கள். நாலாம் நாள் யாரும் தலையைத் தூக்கவில்லை. போக்குவரத்துக் காவலர் முதலில் விசில் அடித்துத் தடுத்தார். பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியதில் சாலையைக் குறுக்கே கடப்பதுதான் குற்றம், மேலே கடப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று தெரிந்து, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக அவரும் அந்த வழியையே பிடித்துக்கொண்டார். போகப் போக ஒரு விஷயம் பிடிபட்டது. பாலம் இருந்த காலத்தில் அதன்மேல் நடந்து பழகிய கால்களுக்குத்தான் அது இருந்தது. பழகாத கால்களுக்கு அங்கே காற்றும் புகையும்தான்.

மேற்குப் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு மருமகளாக வந்த ஒரு பெண், பாலம் போன பத்தொன்பதாம் நாள்தான் ஊருக்குள் காலடி வைத்தாள். ஒரு மாதம் முந்தி வந்து பழகியிருந்தால் அவளுக்கு இந்தக் கதையில் வேலையே இருந்திருக்காது. அவளை எல்லோரும் புதுப்பெண் என்றார்கள். படித்தது கட்டுமானப் பொறியியல், மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது கிழக்குப் பக்கத்து நெடுஞ்சாலை அலுவலகத்தின் வரைபடப் பிரிவு. கணவனுக்குக் கிழக்கில் இருந்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சாலை ஓரம் வந்ததும் அவன் மேலே ஏறிப் போவான், அவள் ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். எட்டி நடந்தால் ஐந்து நிமிடம், சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். ஒருமுறை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தாள். முதல் படியிலேயே கால் நேராகத் தரைக்கு வந்து, கணுக்கால் வீங்கி, பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு போனால் யாரையும் எதையும் கடத்தலாம் என்பது ஊருக்குத் தெரியும். கைக்குழந்தை, காய்கறிப் பை, சைக்கிள் எல்லாம் அப்படித்தான் போய் வந்தன. அவனும் ஆசையாகக் கையை நீட்டினான்.

"நான் என்ன மூட்டையாங்க? நான் நடந்துதான் வருவேன்" என்றாள்.

"காத்துல எப்படிம்மா நடப்பே?"

"காத்துல வேணாம். பாலத்துல நடக்கிறேன். கட்டினா போச்சு."

சொல்வது சுலபம். அலுவலகத்தில் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. மாற்றுப் பாலம் கட்டும் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டி, "பாலம் இல்லாமலேயே அதன் பயன்பாடு திருப்திகரமாக உள்ளது" என்று பெரிய பொறியாளர் எழுதி மூடியிருந்தார். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பவர் என்பதால் அவருக்கு அப்புறம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் மனதையும் நோகடிக்க மாட்டார், எந்தக் கோப்பையும் நகர்த்த மாட்டார். "போறவங்க எல்லாம் போயிட்டுத்தானேம்மா இருக்காங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். போகிறவர்களை எண்ணிவிடலாம், போகாதவர்களை எப்படி எண்ணுவது என்று அவள் ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். பிறகு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாமியாரின் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் படி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். வந்து, அண்ணாந்து பார்த்து, திரும்பிப் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கையெழுத்து வாங்கினாள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியைகள், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், கல்யாணமாகி வந்த பெண்கள். பதினோரு நாளில் முந்நூற்று நாற்பத்தாறு கையெழுத்து சேர்ந்தது. முதல் கையெழுத்து அவளுடையது. இருநூற்று எட்டாவது கையெழுத்து அப்புறம் சாரின் மாப்பிள்ளையுடையது. கல்யாணமான நாளிலிருந்து முக்கால் மணி நேரம் சுற்ற அலுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கு ஒருவேளை சாப்பாட்டுக்குக்கூட வராமல் மேற்குப் பக்கமே நின்றுகொண்டிருந்த மனிதர் அவர். மாமனாரும் ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று கேட்காமலே இருந்துவிட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த அப்புறம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பணியில் சேர்ந்த இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, "இப்பவே ஆரம்பிச்சிடும்மா" என்றார்.

ஆரம்பிக்கலாம் என்றால் பழைய வரைபடத்தைக் கரையான் தின்றிருந்தது. அதனால் இல்லாத பாலத்தை அளந்துதான் புதுப் பாலத்தை வரைய வேண்டியிருந்தது. அகலத்தை மழை சொன்னது. மழை பெய்தால் பாலம் இருந்த அகலத்துக்குச் சாலையில் ஒரு பட்டை மட்டும் நனையாமல் கிடக்கும். சுண்ணாம்புக் கட்டியும் டேப்புமாக மழைக்குக் காத்திருந்து அதை அளந்துகொண்டாள். நீளத்தைக் கணவன் நடந்து காட்டினான். உயரம்தான் வில்லங்கம் பிடித்தது. புது விதிப்படி சாலைக்கும் பாலத்துக்கும் நடுவே இப்போது இருப்பதைவிட மூன்று படி கூடுதல் இடைவெளி இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால், பழகிய கால்கள் பழைய உயரத்திலேயே நடந்து, புதுப் பாலத்தின் விளிம்பில் வரிசையாக முழங்காலை முட்டிக்கொள்ளும். கால்களிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. முப்பத்தாறு படி ஏறிப் பழகிய கால் முப்பத்தேழாவது படியை ஒத்துக்கொள்ளவே இல்லை. சோதனைக்காக அடித்த மரப்படியில் மாமியாரை ஏறச் சொன்னாள். அந்த அம்மாள் படியில் காலை இடித்துக்கொண்டு, அதை ஒதுங்கிப் பழைய உயரத்திலேயே நடந்து போய்விட்டு, "உன் படி நல்லாத்தான் இருக்கு, என் காலுக்குத்தான் பிடிக்கல" என்றாள். ஊரில் பேச்சு கிளம்பியது. ஒருத்தி நடக்கணும்னு ஊரே முட்டிய உடைச்சுக்கணுமா என்று டீக்கடையில் கேட்டார்கள். அவள் காதுக்கும் அது வந்தது. வலித்தது என்பதை மறைப்பானேன், இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாலமும் வேண்டும், அதனால் ஒரு காலுக்கும் அடி படக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் இந்த ஊரில் தான் எப்போதும் வந்தவளாகவே இருந்துவிடுவோம் என்று பயந்தாள்.

வழி கீழே கிடந்தது. ஒருநாள் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டிருந்தவள் சாலை ஓரத்து மைல்கல்லைப் பார்த்தாள். கல்லில் எண் இல்லை, எண்ணின் தலை மட்டும் தரைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆள் வைத்துச் சாலையின் விளிம்பை வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுப் பதினொரு அடுக்கு சேர்ந்திருந்தது. பாலம் இறங்கவே இல்லை, சாலைதான் வருடா வருடம் ஏறிப்போய் ஒருநாள் டிரெய்லரைப் பாலத்தில் முட்ட வைத்திருக்கிறது. பதினொரு அடுக்கையும் எடுத்தால் சரியாக ஒரு முழம். மூன்று படி உயரம். சாலையைப் பழைய மட்டத்துக்கு இறக்கிவிட்டால், பாலம் பழைய உயரத்திலேயே விதிக்கு உட்பட்டு நிற்கும். அப்புறம் சார் அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டு, "வேலையை மிச்சம் பிடிக்கிறதா நினைச்சு இத்தனை நாள் நாமேதான் முட்டிக்கிட்டிருக்கோம்" என்றார்.

மிச்சமிருந்தது, நடுப்பாலத்தின் உயரத்தைத் துல்லியமாக எடுப்பது. அங்கே அசையாமல் இருக்கிற ஒரே ஆள் செருப்பு தைக்கிறவர்தான். சாலை நடுவில் வண்டிகளை மறிக்க அலுவலக ஜீப் மாலை ஐந்தரைக்குத்தான் கிடைத்தது. அவள் கீழே நிற்க, அவர் பாய்க்கு அடியிலிருந்து குண்டு கட்டிய நூலை இறக்கினார். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து அவரைச் சுற்றி ஜனம் திமுதிமுவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் மூன்று முறை அளந்தாள், மூன்று முறையும் ஒரே அளவு. பார்த்துப் பார்த்து அந்த அளவை வரைபடத்தில் ஏற்றினாள். பிறகு டெண்டர், மறு டெண்டர், மண் பரிசோதனை, ஒரு தேர்தல், இரண்டு மழைக்காலம். இதற்கிடையில் அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அப்பாவின் இடுப்பில் சாலையைக் கடந்து தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தாள். சாலையைச் சுரண்டினார்கள், தூண் எழுந்தது, இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கின. வேலை நடந்த நாட்களிலும் ஜனங்கள் வெல்டர்களுக்கு நடுவே, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்து போனார்கள்.

பாலம் திறந்த அன்று ரிப்பன் வெட்டும்வரை பொறுக்க அவளால் முடியவில்லை. அவள்தான் முதலில் ஏறினாள். முப்பத்தாறு படி, பிறகு நீளமான தகடு, கீழே அத்தனை வண்டிகள், மேலே அவள். டக் டக்கென்று தகடு அதிர, ஒரு சின்னப் பெண் மாதிரி மூச்சிரைக்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, திரும்பி நின்று, வாயெல்லாம் பல்லாகக் கணவனைக் கூப்பிட்டாள். அவன் நடந்து வந்தான். சத்தமே வரவில்லை. மாமியார் வந்தாள், சத்தமில்லை. குனிந்து பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கியது. பழகிய கால்கள் தகட்டைத் தொடாமல் ஒரு அங்குலம் மேலே போய்க்கொண்டிருந்தன. அவள் முகம் செத்துவிட்டது. நேராகச் செருப்பு தைக்கிறவரிடம் போனாள். தகட்டுக்கு ஒரு அங்குலம் மேலே பாயில் உட்கார்ந்திருந்தவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சரை மணிக்குத்தானே அளந்தே? ஷிஃப்ட் விட்டா கூட்டத்துக்குப் பாலம் ஒரு அங்குலம் தொய்யும். எப்பவும் அப்படித்தானே."

"இதை ஏண்ணே அன்னைக்கே சொல்லல?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா. உனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. இல்லாத பாலத்தைக் கூட்ட நேரத்தில் அளந்துவிட்டேன், பிழை என்னுடையதே என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். தகட்டை ஒரு அங்குலம் ஏற்றிவிடலாமா என்று அப்புறம் சாரிடம் கேட்டபோது, மாப்பிள்ளையும் மகளும் வாரா வாரம் வந்து சாப்பிட்டுப் போகிற சந்தோஷத்தில் இருந்த அவர், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் யாரும் குறை சொல்லவும் இல்லை. யார் முழங்காலிலும் எதுவும் முட்டவில்லை. மாமியார் மட்டும், ஒரு அங்குலம் என்றால் என்ன, ஒரு தோசைக்கரண்டி அகலம்கூட இல்லை என்று தெருவெல்லாம் சொல்லி மருமகளுக்காக வாதாடிவிட்டு வந்தாள். பராமரிப்புப் பிரிவுக்கும் லாபம்தான். பாதிப் பேரின் கால் படாததால் பெயின்ட் கணக்குப் போட்டதைவிட இரண்டு வருடம் கூடுதலாக நின்றது. வந்தவர்கள் நடந்தால் சத்தம் கேட்கும், இருந்தவர்கள் நடந்தால் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய டக் டக்கை வைத்தே, எட்டே முக்கால் ஆகிவிட்டது என்று மணி சொல்கிறவர்கள் இருந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

பாலம் திறந்த எட்டாம் வருடம், ஏதோ ஒரு புதன்கிழமை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருவரும் அவசரமாகக் கிளம்பினார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததற்கு யார் காரணம் என்பதில் ஒரு சின்னச் சண்டை. பேசிக்கொண்டே படி ஏறி, பேசிக்கொண்டே பாதித் தூரம் வந்துவிட்டார்கள். கணவன் பேச்சை நிறுத்தினான். "என்ன, உன் சத்தத்தையே காணோம்?" என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். செருப்புக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு காலைத் தூக்கி அழுத்தி வைத்துப் பார்த்தாள், கால் அங்கேயே நின்றது. கண் நிறைந்தது. சந்தோஷம்தான், வேறென்ன. பின்னால் வந்த இரண்டு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"மோட்டாரை நிறுத்தாம வந்தது நீங்கதான்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சரி, நான்தான்" என்றான் அவன்.

இருவரும் கிழக்கே இறங்கி அவரவர் வேலைக்குப் போனார்கள். எட்டே முக்கால் ஆனதைத் தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் இரண்டு வீடுகள் புதிதாகச் சுவர்க்கடிகாரம் வாங்கின.