எலியாவுக்குப் போட்ட கையுறை

சவப்பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த படத்தில் இருப்பவர்கள் இவர்கள். தலைமாட்டில் இறந்தவரின் அண்ணன் பொன்னுதாஸ், அவருக்கு வலப்பக்கம் மனைவி ரத்னபாய். இடப்பக்கம் தங்கை ஆனந்தபாயும் அவள் கணவர் ராபின்சனும். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்திருப்பவள் இறந்தவரின் மனைவி நேசம். கால்மாட்டில் வேதப்புத்தகத்தோடு போதகர் அருமநாயகம், அவருக்குப் பின்னால் சபை மூப்பர் ராஜையா. ஓரமாக, பாதி முகம் மட்டும் தெரிய, பக்கத்துப் புரையிடத்து வீட்டுக்காரன் குட்டப்பன். படம் எடுத்தவர் நெய்யாற்றின்கரை ஜெயச்சந்திரன். பெட்டிக்குள் எலியா. வேறு யாரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்ட பலர் அன்று மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தவர்கள்.

படத்தைப் பார்ப்பவர்களின் கண் முதலில் போவது எலியாவின் முகத்துக்கு அல்ல, கைகளுக்கு. மார்பின்மேல் சேர்த்துவைத்த இரண்டு கைகளிலும் வெள்ளைக் கையுறை. அந்தச் சபையில் போதகர்களையும் உபதேசியார்களையும் மட்டுமே கையுறை போட்டு அடக்கம் செய்வார்கள். எலியா உபதேசியாரின் மகன்தான்; ஆனால் அவர் உபதேசியார் அல்ல, சர்வேயர். ஜெய்சால்மர் பக்கத்துப் பாலைவனத்தில் கிணறு தோண்ட இடம் பார்க்கிற வேலை. அவருக்கு எதற்குக் கையுறை என்று அடக்கத்தன்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் முதல் எல்லாரும் கேட்டார்கள்.

போட்டுவிட்டவர் பொன்னுதாஸ். திருவனந்தபுரத்துக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பாறசாலைக்குத் தெற்கே அப்பா கட்டிய வீட்டில், தம்பியின் மனைவியையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு இருந்தார். சட்டையின் கழுத்துப் பித்தானைப் போடாமல் வாசலுக்கு வராதவர்.

அது ஐம்பத்துநாலு ஆகஸ்டு. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலூகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் உச்சத்தில் இருந்தது. தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்த வாரம். நெய்யாற்றின்கரைக்கு இப்பால் பஸ் ஓடவில்லை. விடுமுறைக்கு வந்த எலியா அங்கிருந்து டிரங்குப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவருடைய வலது கை விரல்கள் கறுத்து, தோல் வெடித்து, நுனிகள் உரிந்திருந்தன. ஒரு கண்ணிமை வீங்கியிருந்தது.

“கையில என்னலே இது?” என்றார் பொன்னுதாஸ்.

“ஒண்ணுமில்ல அண்ணா, ஆறிப்போவும். பெட்டிக்குள்ள ஒரு டப்பா உண்டு. அத யாரும் தொறக்காண்டாம், ஆபத்தாக்கும். நான் சொகமாயி எழும்பின பொறவு உங்களுக்குக் காட்டித் தாறேன்.”

அவர் எழும்பவில்லை. அன்றைக்கே காய்ச்சல் கண்டது. அது நெஞ்சுக்கு இறங்கியது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, நிமோனியா, இனி ஜெபிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாரம் முடியுமுன் எலியா போய்விட்டார்.

அந்த நாட்களில் கறுத்து வெடித்த விரல்களுக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. நாட்டுவெடி கட்டுகிறவர்களுக்கு அப்படி ஆகும். பொன்னுதாஸ் இறந்துகொண்டிருந்த தம்பியிடம் எதையும் கேட்கவில்லை. இறந்த பிறகு, நேசம் அழுது ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, கல்லூரி நாட்களில் வாங்கிய பருத்திக் கையுறையை எடுத்துவந்து தம் கையாலேயே மாட்டினார். டப்பாவை வெளியே கொண்டுபோக வழியில்லை. ரோட்டில் போலீஸ் சோதனை. கிணற்றில் போட்டால் குட்டப்பன் பார்ப்பான். துணியில் சுற்றி மச்சில் வைத்து ஏணியை எடுத்துவிட்டார். உபதேசியார் வீட்டு மானம் மச்சிலேயே கிடக்கட்டும்.

மானத்தை மூடத்தான் கையுறை போட்டார். ஊர்க்காரர்கள் கையுறையைத்தான் பார்த்தார்கள்.

முதலில் வந்தது குட்டப்பன். “சாரே, சாயாக்கடயில ஆளுகள் ஒவ்வொண்ணு பறயுந்நு. நான் நம்பினதில்ல கேட்டோ. ஆனா எலியா பாலைவனத்தில இருந்து வெடிமருந்து கொண்டுவந்நுன்னாக்கும் பேச்சு.”

“நம்பாதவன் எதுக்கு என்கிட்ட கொண்டுவந்து சொல்லுகே?”

குட்டப்பன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அடுத்து வந்தவர் ராஜையா. அவர் சபை மூப்பர் மட்டுமல்ல, போராட்டக்காரர்களில் முன்னால் நிற்பவரும்கூட.

“எலியா நம்ம ஆளாக்கும்னு எனக்கு அப்பமே தெரியும்,” என்றார் தாழ்ந்த குரலில். “அந்தப் படத்தைத் தாங்க வாத்தியாரே. பெருசாக்கி ஊர்வலத்துல முன்னால கொண்டுபோவோம்.”

“எனக்க தம்பி ஒருத்தருக்க ஆளும் இல்ல.”

“அப்பம் கையுறை எதுக்கு?”

பொன்னுதாஸ் எழுந்து உள்ளே போனார். ஒரு மூப்பரை வாசலில் விட்டுவிட்டுப் போனது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

மழை விட்ட பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மச்சில் ஏதோ சுரண்டியது. நகத்தால் தகரத்தைக் கீறுவதுபோல மெல்லிய சத்தம். கொஞ்சம் கீறும், நிற்கும், மறுபடி கீறும். எலி என்றார் பொன்னுதாஸ். ராபின்சன் வந்திருந்தபோது, “பூனை வளத்தப்படாதா அத்தான்?” என்று சிரித்தார். ரத்னபாய் பூனை கொண்டுவந்தாள். பூனை மச்சுக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, அன்றே வீட்டைவிட்டுப் போய்விட்டது.

நேசம் தன் பாயை மச்சுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். யாரோடும் பேசுவதில்லை. சத்தம் கேட்டால் தலையைச் சற்றே சாய்ப்பாள், கூப்பிட்ட குரலுக்குக் காது கொடுப்பவளைப்போல. பொன்னுதாசுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பேய் பிசாசு என்று ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று ஆரியங்கோடு முதல் அம்பூரி மலைவரை நடந்து பிரசங்கம் செய்தவர் அப்பா. அவர் கட்டிய வீட்டில் ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்காருவதா? ஆனால் ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது அவரும் இடையில் நிறுத்தினார். மேலே அது கீறுகிறதா என்று கேட்டார். கீறியது. எலியா சிறுபிள்ளையாக இருந்தபோது, தப்பு செய்துவிட்டு உள்ளே வரப் பயந்து, கதவை நகத்தால் இப்படித்தான் சுரண்டுவான். அந்த நினைவு வந்த நாள் முதல் பொன்னுதாஸ் மச்சுக்குக் கீழே நடப்பதை விட்டு, முற்றத்தைச் சுற்றிச் சமையற்கட்டுக்குப் போனார்.

ஒரு நாள் காலை அவர் சபைக்கூட்டத்துக்குப் போய்த் திரும்பியபோது ஏணி சாத்தியிருந்தது. நேசம் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கீழ வை,” என்றார் பொன்னுதாஸ். “மெதுவா கீழ வைம்மா. அசைக்காண்டாம்.”

“சத்தம் இதுக்குள்ள இருந்தாக்கும் அத்தான்.” அவள் எழுந்துவந்து டப்பாவை அவர் காதோடு பிடித்தாள். “கேளுங்க. வெடிமருந்து இப்படிச் சொரண்டுமா?”

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வெடிமருந்து என்ற சொல்லை அந்த வீட்டில் முதன்முதலாக அவள்தான் வாய்விட்டுச் சொன்னாள். பொன்னுதாஸ் டப்பாவை வாங்கினார். மூடியில் ஆணியால் குத்திய சிறு துளைகள் இருந்தன. வெடிமருந்துக்கு யாராவது மூச்சுவிடத் துளை வைப்பார்களா? விலங்கியல் படித்த தாம் அதைப் பார்க்கவே இல்லையே என்று நினைத்தபடி மூடியைத் திறந்து விரலை விட்டார். சுளீரென்று ஏதோ பீச்சியடித்தது. கை நெருப்பில் பட்டதுபோல எரிந்தது.

உள்ளே மஞ்சள் மணல். மணலின்மேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுத்த வண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் வேறு வண்டுகளின் சிறகு ஓடுகளும் கால்களும் சிதறிக் கிடந்தன. கூட இருந்தவற்றைத் தின்றுதான் அது இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்கிறது.

மாலைக்குள் பொன்னுதாசின் விரல்கள் கறுத்துவிட்டன. மூன்றாம் நாள் வெடித்து உரிந்தன. கையுறைக்குள் அவர் மறைத்துவைத்த தம்பியின் கை இப்போது அவருடைய மணிக்கட்டில் இருந்தது.

அவர் அதை மறைக்கவில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று முதல் வரிசைக்குப் போய், அப்பத்துக்கு அந்தக் கையையே நீட்டினார். போதகர் அருமநாயகத்தின் கை ஒரு கணம் தயங்கியது. ராஜையா எட்டிப் பார்த்தார். கோயிலுக்கு வெளியே வந்ததும் பொன்னுதாஸ் டப்பாவைத் திறந்து எல்லார் முன்னாலும் வைத்தார்.

“எனக்க தம்பி எனக்காகக் கொண்டுவந்ததாக்கும். சந்தேகம் உள்ளவங்க விரல விட்டுப் பாக்கலாம்.”

யாரும் விடவில்லை. வழியில் நின்று எட்டிப்பார்த்த குட்டப்பன்தான் பேசினான். “தொட்டா உடனே அடிக்குமோ சாரே? அப்பம் இது போராட்டக்காரன் இல்ல, போலீஸாக்கும்.” ராஜையாவே சிரித்துவிட்டார்.

சிரித்தவர்கள் மறுவாரம் வேறு பேசினார்கள். வாத்தியார் எங்கிருந்தோ ஒரு வண்டைப் பிடித்துவந்து தம்பியின் பழியை அதன்மேல் போடுகிறார் என்றார்கள். வாய்ப்பேச்சை அச்சில்தான் அடக்க முடியும் என்று பொன்னுதாஸ் தீர்மானித்தார். வண்டைப் படமாக வரைந்து கல்கத்தாவில் வண்டுகளையே ஆராய்கிற ஓர் அறிஞருக்கு அனுப்பினார். தோளில் இரண்டு வெள்ளை மயிர்ப்பொட்டு உள்ள தரைவண்டு எதிலும் பதிவாகவில்லை, புதிய இனமாக இருக்கலாம், ஆனால் விவரித்து வெளியிட வேண்டுமானால் ஊசியில் குத்திப் பாதுகாத்த முழு உடல் ஒன்று வேண்டும் என்று பதில் வந்தது. முழு உடல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உயிரோடு இருந்தது.

“தரமாட்டேன்,” என்றாள் நேசம். டப்பா இப்போது அவளிடம்தான் இருந்தது. பூச்சி புழு பிடித்து அவளே தீனி போட்டாள். “அவருக்க கையில கெடந்து உயிரோட மிச்சம் இருக்கியது இது ஒண்ணுதான்.”

“அவனுக்க பேரு சுத்தமாவணும்னா இது சாகணும்.”

“இதுக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?”

பொன்னுதாஸ் சொன்னார். அப்பாவின் பெயர். ஊரே மதித்த பெயர். அதில் ஒரு கறையும் இல்லை.

“அப்பம் அவருக்க பேருல கறை உண்டு, இல்லியா?” நேசம் நிமிர்ந்து பார்த்தாள். “ஊருகாரங்க நம்பினது பெருசில்ல அத்தான். நீங்க நம்பினீங்க. கையுறை போட்டது நீங்களாக்கும்.”

அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பொன்னுதாஸ் தம் உரிந்த விரல்களைப் பார்த்தார். பிறகு, “எலியா பேருதான்,” என்றார்.

“மாறாதே?”

“ஒருக்க அச்சில வந்தா யாராலயும் மாத்த முடியாது. அது சட்டமாக்கும்.”

குளோரோபாம் நனைத்த பஞ்சுபோட்ட புட்டியை அவர் பிடித்துக்கொண்டார். நேசம் வெறுங்கையால் வண்டை எடுத்தாள். வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் அது அவள் உள்ளங்கையில் ஏறி நின்றுவிட்டது. அவள்மேல் அது பீச்சவில்லை. அவளே புட்டிக்குள் இறக்கினாள், அவளே மூடியைத் திருகினாள்.

பொன்னுதாஸ் லென்சை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் எழுதினார். தலை கறுப்பு, மங்கிய பளபளப்பு. தாடைகள் அரிவாள்போல் வளைந்தவை. கழுத்துத்தகடு இதயவடிவம். சிறகு ஓட்டின் தோளில் பக்கத்துக்கு ஒரு வெள்ளை மயிர்ப்பொட்டு. முன்கால் பாதங்கள் ஒடுங்கியவை. இந்தக் கூட்டத்து ஆண்களில் அவை அகன்றிருக்கும். கடைசியில் ஒரு வாக்கியம்: தொடும்போது எரிதிரவத்தைப் பீச்சுகிறது, பட்ட தோல் கறுத்து உரிகிறது, இதைச் சேகரித்த எலியாவின் விரல்களிலும் விவரிக்கும் ஆசிரியரின் விரல்களிலும் இது ஒரேபோலக் காணப்பட்டது.

கட்டுரை அச்சாகி வந்தபோது எல்லை பிரித்தாயிற்று. விளவங்கோடு சென்னைக்குப் போயிற்று, பாறசாலை கேரளத்தோடு நின்றது. போராட்டத்திலிருந்து ஓய்ந்த ராஜையா வீட்டுக்கே வந்து, அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படத்தை அவர் பிறகு கேட்கவில்லை. வெடிமருந்துப் பேச்சு சாயாக்கடையோடு அடங்கிற்று.

நேசம் மட்டும் பாயை மாற்றிப் போடவில்லை. காலி டப்பாவை மறுபடி மச்சில் வைத்திருந்தாள். சில சமயம் தலையைச் சாய்ப்பாள். டப்பாவில் ஒன்றும் இல்லை என்று பொன்னுதாஸ் சொன்னதுண்டு. ஆனால் அவரும் கடைசிவரை முற்றத்தைச் சுற்றித்தான் சமையற்கட்டுக்குப் போனார்.

எலியாவின் உயிர்தான் பழி தீர்க்க அந்த வண்டாக வந்தது என்று பாறசாலைப் பக்கம் இன்றும் சிலர் சொல்வார்கள். தவறு. அது பெண் வண்டு.