பதினோரு முழ நூல்

வாரப் பத்திரிகையில் ஜெயக்குமாரின் போட்டோ வந்த அன்று பாலையா சாப்பிடவில்லை. 'புது விளையாட்டு கண்டுபிடித்த பாளையம்பட்டி இளைஞர்' என்று தலைப்பு. இளைஞராம். முப்பத்தைந்து வயசும் முன்வழுக்கையுமாக, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். பெட்டி மேல் 'வழிப்போக்கர்' என்று பெரிய எழுத்து. சிவகாசியில் அச்சடித்தது. மதுரைக் கடைகளில்கூடக் கிடைக்கிறதாம்.

"எம் பேரு எங்க இருக்கு? பூதக்கண்ணாடி வச்சுத் தேடிப் பாரு சௌடு, எங்கயாச்சும் இருக்கான்னு" என்றார் பாலையா.

சௌடம்மாள் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையை நிறுத்தவில்லை. பெட்டி வந்த இந்த இரண்டு வருஷமாக அவளும் அதில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். அது பாலையாவின் பெயர் இல்லை. ஊரார் சொல்ல வேண்டாம், பத்திரிகைக்காரன் எழுத வேண்டாம். கட்டிய புருஷன் ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், 'இது இவ ஆரம்பிச்சது' என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தாள். அந்த மனுஷனுக்கு வாய்க்கா பஞ்சம்? மற்றதெல்லாம் பேசினார்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு ஆளாக நுழைய வேண்டும். 'நீ பரளச்சியிலிருந்து பருத்தி லோடு ஏத்திக்கிட்டு வர்ற வண்டிக்காரன். பாதி வழியில மாடு படுத்துருச்சு. தண்ணி இல்ல. என்ன செய்யப் போற?' என்று கேட்பார்கள். ஆடுகிறவன் தான் செய்வதைச் சொல்வான். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஆறு புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை விழுந்தது என்று பார்த்து, நடந்தது இன்னது என்று கதைசொல்லி சொல்வார். ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சி, அதில் பதினோரு முழம் கலர் நூல் இருக்கும். அடிபட்டால், பட்டினி கிடந்தால் ஒரு முழம் அவிழ்க்க வேண்டும். நூல் தீர்ந்தால் ஆள் காலி. அதற்கு உசுர் நூல் என்று பேர்.

இது முளைத்தது எண்பத்து நாலாம் வருஷம் பங்குனி வெயிலில். ஆறு வயசு மகள் தேவிபிரியாவுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை வீட்டுக்குப் போய்வந்தால் கூட வேலை செய்கிறவர்கள் தறிக்கூடத்துக்குள் விடமாட்டார்கள் என்று பாலையா கூடத்திலேயே படுக்கை போட்டுவிட்டார். சாப்பாடு ஓட்டலில். நியாயம்தான், யார் இல்லை என்றது? வேப்பிலை மேல் கிடந்து பிள்ளை 'வெளிய போறேன், வெளிய போறேன்' என்று அரற்றியதெல்லாம் சௌடம்மாளின் காதுக்கு மட்டும்தான். சொறியாமல் இருக்க அதன் கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும். மீந்துபோன சிவப்பு நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்து, "இப்ப நீ தேவிபிரியா இல்ல, வண்டிக்காரி. மாடு படுத்துருச்சு, என்ன செய்யப் போற?" என்று ஆரம்பித்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தி யோசித்தது. தினம் ஒரு முழம் அவிழ்த்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அது வாசலுக்கு வந்த அன்று, பாயோரம் கிடந்த நூலைச் சௌடம்மாள் முழம் போட்டுப் பார்த்தாள். பதினொன்று இருந்தது.

அப்புறம் அதைத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் அவள்தான். மத்தியானம் கரண்டு போனால் இரண்டு மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முதல் பத்து நாள் அவள் கதை சொன்னாள். பாலையாவுக்கு நல்ல தொண்டை. ஒருநாள் "நீ தாரைச் சுத்து, நான் சொல்றேன்" என்று புளியங்கொட்டையை வாங்கிக்கொண்டார். வாங்கியதுதான், திரும்பத் தரவே இல்லை. பாளையம்பட்டியில் நோட்டுப்புத்தகக் கடை வைத்திருந்த ஜெயக்குமார் மூன்று வருஷம் கழித்து ஆட வந்தபோது, கதைசொல்லி என்றாலே பாலையாதான். ஜெயக்குமார் மூன்று மாதம் ஆடினான், ஒரு நோட்டு நிறைய எழுதினான், போய்விட்டான். நாலு வருஷம் கழித்து அந்த நோட்டு பெட்டியாக வந்தது.

போட்டோ வந்த மறுவாரம் பஞ்சாயத்து, நூல்கடை சங்கையா முன்னிலையில் நடந்தது. ஜெயக்குமாருக்குச் சொந்தக்காரர், பாலையாவுக்கு வேண்டியவர், இரண்டு பக்கமும் பேச்சு எடுபடும். பாலையா சௌடம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் எதுக்கு?" என்று கேட்டாள்.

"நீதான சாட்சி. மொதல்லருந்து கூட இருந்து பாத்தவ நீதான" என்றார்.

சாட்சி. வாய்க்குள்ளேயே அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கசந்தது.

கடையில் ஜெயக்குமார் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணாச்சி, நீங்க வாயால சொன்னீக, நான் இல்லங்கல. அதுக்குச் சட்டதிட்டம் போட்டு எழுதி, சிவகாசிக்கு நடையா நடந்து அச்சடிச்சது யாரு?"

"கதையே இல்லாம உன் சட்டத்த வச்சு என்ன செய்வ? நாக்கு வழிக்கவா?"

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உசுர் நூலு ஏன் பதினோரு முழம்? பத்துன்னு வச்சா எண்ண லேசு. வாங்குனவுக எல்லாம் லெட்டர் போட்டுக் கேக்குறாக. எனக்குத் தெரியல, ஒத்துக்கிடுறேன். நீங்க உண்டாக்குனதுன்னா நீங்க சொல்லுங்க."

பாலையா துண்டால் கழுத்தைத் துடைத்தார். சௌடம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது சொல்லுங்கள். 'எனக்குத் தெரியாது, இவளைக் கேளுங்க' என்றாலும் போதும். அதுகூட வேண்டாம், 'எம் பிள்ள பதினோரு நாள் அம்மையில கெடந்துச்சு' என்று ஞாபகம் வந்தாலே போதும், நான் பாட்டுக்கு மனசு ஆறிப் போய்விடுவேன் என்று நினைத்தாள்.

பாலையா அவள் பக்கம் திரும்பினார். தண்ணீர் கேட்பதுபோல, வீட்டில் பேசுகிற தெலுங்கில், மெதுவாகக் கேட்டார்: "நீ ஏன் பதினொண்ணுன்னு வச்ச? சீக்கிரம் சொல்லு."

ஆக, இது யாருடையது என்று இவருக்கு மறக்கவில்லை. இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மறந்தது பிள்ளைக்கு அம்மை போட்டது மட்டும். இரண்டில் எதற்கு முதலில் வயிறு எரிவது என்று சௌடம்மாளுக்குப் புரியவில்லை.

"நம்ம சாமி கும்பிடுல அம்மனுக்கு முன்னால கத்தி போட்டு வர்றவுக பதினோரு பேரு. அதுக்குத்தான்" என்றாள், அதே தெலுங்கில். அப்படி ஒரு கணக்கே கிடையாது. எத்தனை பேர் நெஞ்சில் கத்தியால் அடித்துக்கொண்டு கத்தி போடுகிறார்கள் என்று யாரும் எண்ணியதில்லை.

பாலையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத் தமிழில் எடுத்துவிட்டார். அம்மன், கத்தி, பதினோரு வீரர்கள், ஒருவர் விழுந்தால் ஒரு முழம் குறையும் என்று சொந்தமாக வேறு இரண்டு சேர்த்துக்கொண்டார். ஜெயக்குமாருக்குக் கண் விரிந்தது. "இதப் பெட்டியிலேயே போடலாம் அண்ணாச்சி" என்றான்.

பாலையா ஒன்றை யோசிக்கவில்லை. நெசவுக்காரர்கள் எல்லோருமே அதை யோசிப்பதில்லை. கூலியோ நூல் விலையோ பேசும்போது தங்களுக்குள் தெலுங்குக்குத் தாவிவிட்டால் கடைக்காரருக்கு விளங்காது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். சங்கையா நாற்பது வருஷமாக அவர்களுக்கு நூல் விற்றவர். எல்லாம் விளங்கும். விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில்தான் அவர் கடையே நடந்தது.

"ரெண்டு பேரு பேரையும் போட்டுருங்கப்பா. உண்டாக்குனது பாலையா, உருவாக்குனது ஜெயக்குமாரு. எதுக்கு வம்பு" என்று தீர்த்து வைத்தார். ஆட்கள் கலர் சோடா குடிக்க எழுந்தபோது அவர் சௌடம்மாள் பக்கம் வந்து, சுத்தமான தெலுங்கில் சொன்னார்: "எனக்கு விளங்கிருச்சு தாயி. ஆனா பொம்பள பேரப் போட்டா பயலுக வாங்க மாட்டானுக. மனசுல வச்சுக்கிடாத."

"வச்சுக்கிடலங்க" என்றாள். வேறு எங்கே வைப்பதாம்?

இரண்டு மாதத்தில் புதுப்பெட்டி வந்தது. பாலையா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பாரு சௌடு, நம்ம பேரு" என்றார். நம்ம. பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த தேவிபிரியாவைக் கூப்பிட்டு, மூடியின் உள்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"'உசுர் நூல் பதினோரு முழம் ஏன்? பாலையா கூறுகிறார்: அம்மனுக்கு முன்பு கத்தி போடும் பதினோரு வீரர்களின்...'" தேவிபிரியா நிறுத்தினாள். "என்னப்பா இது? பதினொண்ணு நான் அம்மையில படுத்துக் கெடந்த நாளுல்ல? தெனம் ஒரு முழம் அவுத்தோமே. ஏம்மா?"

சௌடம்மாள் ராட்டையை நிறுத்தினாள்.

"உனக்கு எப்ப அம்மை போட்டுச்சு?" என்று கேட்டார் பாலையா. வேஷம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பொட்டியிலதான் எல்லாம் அச்சடிச்சிருக்கே" என்றாள் சௌடம்மாள். "படிச்சுப் பாருங்க."