ஆய்வகக் கறியும் கண்ணாடிக் கூண்டும்

கறிக்கடைக்காரரின் மனைவி வாயை வைத்துத்தான் பிழைக்கிறாள். வசவு இல்லை, உத்தியோகமே அதுதான். கூட்டங்களில் ஒருவர் பேசப் பேச, உடனுக்குடன் வேறு மொழியில் சொல்ல வேண்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது.

அன்று, ஆய்வகத்தில் வளர்த்த கறியை விற்க விடலாமா என்று பொது விவாதம். மேடையில் இருந்த பெரிய மனிதர்களின் மொழி வேறு, கீழே இருந்த கடைக்காரர்களின் மொழி வேறு. இதில் விவாதம் வேறு! அரங்கத்தின் பின்கோடியில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவள். முன்வரிசையில் காதில் ஹெட்போனோடு அவள் புருஷன். காலையில், “நீ அங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?” என்று மார்தட்டிக் கிளம்பியவர்.

மேடையில், அந்தக் கறியை வளர்த்த விஞ்ஞானி எழுந்தார். அவள் மைக் பொத்தானை அழுத்தினாள்.

“ஓர் உயிரைக்கூடக் கொல்லாமல் என்னால் கறி தர முடியும். இனி எந்த வீட்டு வாசலிலும் ரத்தம் கழுவிய தண்ணீர் ஓட வேண்டாம்.”

பாழாய்ப்போன குரல், அது அவளுடைய வழக்கமான குரலாகவே இல்லை. கல்யாணமானதிலிருந்து கடைக்குப் பின்னால்தான் குடித்தனம். வெட்டுக்கத்திச் சத்தத்தில்தான் கண்விழிப்பு. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்தால் அந்த மனுஷன் நொறுங்கிப்போவார். இத்தனை காலம் விழுங்கியதெல்லாம் இப்போது இன்னொருவர் வார்த்தைகளில் ஏறிக்கொண்டு வெளியே வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து ஓடலாமென்றால் கூட்டமே நின்றுபோகும்.

முன்வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பியது.

அடுத்துப் பேச வேண்டியது அவள் புருஷன். கறிக்கடைச் சங்கத்தார் எழுதிக் கொடுத்ததை அவர் பிரிக்கவேயில்லை. கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

“இப்ப என் காதுல விழுந்துச்சே, அது அந்த ஐயா பேச்சா, இல்ல உன் பேச்சா?”

வேலை வேலைதானே, மேடைக்கு அதை அப்படியே சொன்னாள். மேடையிலிருந்த கூட்டத் தலைவர் ஒன்றும் புரியாமல் ஒரு கேள்வி கேட்டார். அதையும் புருஷன் காதில் அவளேதான் போட வேண்டியிருந்தது.

“நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள்?”

அவர் நின்றபடியே நின்றார். அவள் வாயிலிருந்து வேறு ஏதாவது வருமென்று காத்திருந்தார், பாவம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“யாரையும் இல்லீங்க” என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றினார்.

தலைவர் பதிலுக்குக் காத்திருந்தார். யாரையும் இல்லை என்று அவள் அவருடைய மொழியில் சொன்னாள்.