இரண்டாவது பிளக்

எங்கள் பிக்கப் வண்டிக்கு ஒரே வருடத்தில், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் மூன்று போயிற்று. பிப்ரவரி ஒன்பது, ஜூன் இருபத்திரண்டு, அக்டோபர் நான்கு. தேதி தவறாது, நோட்டில் எழுதி வைத்தவன் நான். மூன்று முறையும் அதே இரண்டாவது சிலிண்டர்.

வண்டி அப்பாவுடையது. அவர் போன பிறகு அக்கா அதில் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறாள். ஜூன் மாதம் நடுரோட்டில் நின்றபோதே, இன்னொரு நாள் தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். அக்டோபரில் நல்ல வேளையாக வெள்ளிக்கிழமை ரொட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நின்றது; அடுத்த நடை திங்கட்கிழமைதான். அன்றே அக்கா வண்டியை விற்பதாக ஒருவரிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். ஊரில் அவருக்குப் பொறுமை என்று பெயர். அவசரம் என்று சொன்னால் முதலில் உட்கார்ந்துவிடுவார்.

"புதுக் காயில் நாலு மாசத்துல கருகுது. பிளக் முனை தேஞ்சு இடைவெளி அகண்டுட்டா, பொறி தாண்ட காயில் மாடா உழைக்கணும். சூடேறிச் செத்துரும். ஆனா பிளக்கைத்தான் தம்பி மாத்திட்டாரே."

ஒவ்வொரு முறையும் அவர் காயில் வாங்கி வருவதற்குள் இரண்டாவது பிளக்கை மாற்றி வைப்பது என் பொறுப்பு.

"ரெண்டு தடவை மாத்தியாச்சு. நோட்டுல இருக்கு," என்றேன்.

"நோட்டையா ஓட்டிட்டுப் போகப் போறேன்?" என்றாள் அக்கா.

பொறுமை நான்கு பிளக்கையும் கழற்றி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். ஒன்று மட்டும் பளபளத்தது. மற்ற மூன்றும் முனை மழுங்கிக் கிடந்தன.

"புதுசு மூணாவதுல இருக்கு. ரெண்டாவதுல இருக்கறது உங்கப்பா போட்டது."

"நான் ரெண்டாவதைத்தான் மாத்தினேன்!"

"எங்க, எண்ணிக் காட்டுங்க."

நான் டிரைவர் பக்கமிருந்து விரல் வைத்தேன். ஒண்ணு, ரெண்டு.

"முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துலேருந்து எண்ணணும்யா! ஊர் உலகமே அங்கேருந்துதான் எண்ணுது."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா எண்ணற மாதிரியே எண்ணியிருக்கான்!"

அப்பாவுக்கு எதுவும் தன் இருக்கையிலிருந்துதான் தொடங்கும். வண்டி கிளப்புமுன், முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எங்களை எண்ணுவார்; அவரவர் எண்ணை அவரவரே சொல்லவேண்டும். ஒண்ணு அம்மா. ரெண்டு அக்கா. மூணு நான், கதவோரம். நான் தூங்கிப்போயிருந்தால் அக்கா என் குரலில் "மூணு" என்பாள். அவருக்குத் தெரியும், தெரியாதவர் போலக் கியர் போடுவார். எஞ்சின் லேசாகத் தடுமாறினாலும், "ரெண்டாவது முனகுது பாரு" என்று எங்களிடம்தான் சொல்வார். இப்போது அந்தச் சீட்டில் ரொட்டித் தட்டுகள் போகின்றன.

"ஜூன்ல கழட்டினப்ப பிளக் சுத்தமா இருந்துது. என் கைராசின்னு நெனச்சேன்," என்றேன்.

"நீங்களே போட்ட நாலு மாசப் பிளக் சுத்தமா இல்லாம?" என்றார் பொறுமை. அவர்கூடச் சிரித்துவிட்டார். "நானும் உங்க நோட்டை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டார். காயிலை மாட்டியபின் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாங்குபவர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"விக்கல சார்," என்றாள் அக்கா.

"விக்கிறதா சொன்னீங்களே?"

"சொன்னேன். அப்ப எங்க வீட்ல எண்ணத் தெரியாது."

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். பேக்கரிக்காரர் வாசலிலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். அக்கா இறங்கவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை. அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏத்துங்கண்ணே," என்றாள்.